ஒப்பு வேறு, ஒப்புதல் வேறு!



ஒரு சொல்லைப் பிழைபட எழுதிவிட்டேன். முப்பதாண்டுகளாகப் பிள்ளைகளின் ஏடுகளில் சிவப்பு மையால் பிழை சுழித்த கை இது. அக்கையே தவறிய கதையைச் சொல்லாமல் மறைப்பது ஆசிரியர்க்கு அழகன்று. அன்றியும், அப்பிழைக்குள் ஒரு பெருங்கொடுமையின் வரலாறு ஒளிந்திருந்தமையால், அதனை உங்கள்முன் வைப்பது என் கடமையுமாயிற்று.

என்னிடம் பத்தாம் வகுப்புப் பயின்ற மாணவி ஒருத்தி இன்று ஒரு மருத்துவமனையில் செவிலியாகப் பணிபுரிகின்றாள். சென்ற பொங்கலுக்கு வாழ்த்துப்பெற வந்தவள், கைப்பையிலிருந்து ஒரு சிறு பெட்டியை எடுத்து வைத்தாள். கருப்பை இறக்கத்தால் துன்புறும் தாய்மார்க்கு உள்ளே பொருத்தும் வளையம் அது. மெல்லிய, வளையக்கூடிய, கைவளையல் போன்றதோர் எளிய பொருள். “ஐயா, எங்களிடம் வரும் தாய்மார் ஆங்கிலம் அறியார். இந்த விளக்கத் தாளை அவர்களுக்கு விளங்கும் தமிழில் எழுதித் தாருங்கள்” என்றாள். தமிழாசிரியனுக்கு இதைவிட இனிய வேண்டுகோள் உண்டோ? அன்றிரவே அமர்ந்து எழுதினேன். பெட்டியின்மீது ‘எப்.டி.ஏ. கிளியர்டு’ என்று ஆங்கிலத்தில் பொறித்திருந்தது. அதனை ‘அமெரிக்க அரசின் ஒப்புதல் பெற்றது’ என மொழிபெயர்த்து மனநிறைவோடு கொடுத்தனுப்பினேன்.

இரண்டு கிழமை கழித்து அவள் மீண்டும் வந்தாள். தாளில் ஒரேயொரு சொல் சுழிக்கப்பட்டிருந்தது. “ஐயா, பொறுத்தருள வேண்டும். எங்கள் மருத்துவர் அம்மா இந்த ‘ஒப்புதல்’ என்னும் சொல்லை ஏற்கவில்லை. ‘கிளியர்டு’ என்பது வேறாம். ‘அப்ரூவ்டு’ என்பது வேறாம். இரண்டையும் ஒன்றாக எழுதினால் அது பொய்யாகிவிடுமாம்” என்றாள்.

முதலில் எனக்குச் சினமே வந்தது. ஆங்கிலத்தில் ஒன்றற்கொன்று மாற்றாக வழங்கும் இரு சொற்களுக்கிடையே இத்துணை வேறுபாடா என எண்ணினேன். பின்னர்த் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க என் சினம் வேறு பக்கம் திரும்பிற்று.

அமெரிக்காவில் மருந்தையும் மருத்துவக் கருவியையும் கண்காணிப்பது உணவு மருந்து ஆள்வினைத் துறை. எப்.டி.ஏ. எனச் சுருக்கி வழங்குவது இதனையே. ஒரு கருவி விற்பனைக்கு வருவதற்கு இத்துறையின் வாயிலாக இரண்டு பெருவழிகள் உள்ளன. ஒன்று ஒப்புதல். கருவி தீங்கற்றது, சொன்ன பயனைத் தருவது என்பதற்கு ஆய்வுச் சான்றுகளைக் கொண்டுவந்து குவித்து, அவற்றைத் துறை ஆராய்ந்து ஏற்கும் வழி அது. மற்றொன்று இசைவு. அதற்கு அத்தகைய சான்று வேண்டுவதில்லை. ‘முன்னரே விற்பனையில் உள்ள இன்ன கருவியை எங்கள் கருவி பெரிதும் ஒத்திருக்கிறது’ என்று காட்டினாற் போதும். சட்டத்தின் 510ஆம் பிரிவு, ‘கே’ என்னும் உட்பிரிவில் வருவதால் இதற்கு ஐந்நூற்றுப் பத்து-கே என்றே பெயர்.

இதில் வியப்பென்ன தெரியுமா? இசைவு மட்டும் பெற்ற கருவியை ‘அரசின் ஒப்புதல் பெற்றது’ என்னும் எண்ணம் தோன்றுமாறு விளம்பரம் செய்தால், அது தவறான பெயர்க்குறிப்பு என அமெரிக்க விதியே கண்டிக்கின்றது. தமிழாசிரியன் அறியாது செய்த பிழை, ஆங்கில வணிகன் அறிந்து செய்தால் சட்டப்படி குற்றம்! சொல்லென்றால் வெறும் ஒலி, எப்படி எழுதினால் என்ன என்று நம்மை ஏளனம் செய்வோர் இவ்விதியை ஒருமுறை படிக்கட்டும்.

தமிழ் இவ்விடத்தில் நமக்கொரு நுட்பத்தைக் கையில் தருகின்றது. ‘ஒப்பு’ என்றால் ஒன்று மற்றொன்றைப் போன்றிருத்தல். ‘ஒப்புதல்’ என்றால் உள்ளம் இசைந்து ஏற்றுக்கொள்ளுதல். வேர் ஒன்றே, பொருள் இரண்டு. அமெரிக்கச் சட்டம் இசைவு என வழங்குவது ஒப்பின்மேல் நிற்பது. அதனை மக்கள் ஒப்புதல் என எண்ணி ஏமாறுகின்றனர். நானும் ஏமாந்தேன்.

ஏமாற்றம் ஒரு தாளோடு முடிந்திருந்தால் இக்கட்டுரைக்கு வேலையில்லை. இவ்விரண்டு வழிகளும் பிறந்த கதையைக் கேளுங்கள். அது பெண்களின் குருதியில் எழுதப்பட்டது.

1938ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டப்படி, ஒரு புது மருந்தை விற்குமுன் அதன் தீங்கின்மையைக் காட்டவேண்டும். 1962இல் அதன் பயனையும் மெய்ப்பிக்கவேண்டும் என்றாயிற்று. ஆனால், மருந்துக்கு இட்ட இந்தக் காவல் கருவிக்கு இல்லை. ஒருவன் தன் பட்டறையில் ஒரு கருவியைச் செய்து, எவரையும் கேளாமல் மறுநாளே மருத்துவர் கையில் கொடுத்துவிடலாம். தீங்கு நேர்ந்தபின் அரசு வழக்குத் தொடுக்கலாமே ஒழிய, முன்கூட்டித் தடுக்க முடியாது.

இந்தக் காவலற்ற வாயில் வழியாக வந்ததுதான் ‘தால்கன் சீல்டு’ என்னும் கருத்தடைக் கருவி. சீல்டு என்றால் கேடயம். சான்சு ஆப்கின்சு பல்கலைக்கழகத்து மருத்துவர் இயூ தேவிசு என்பாரும் இர்வின் இலர்னர் என்னும் பொறியாளரும் அமைத்தது. விரல்நுனியளவு ஞெகிழித் துண்டு. கருப்பையிலிருந்து நழுவாதிருக்க ஓரங்களில் முள்போன்ற நீட்சிகள். கீழே தொங்கும் ஒரு நூல். அவ்வளவே! 1970இல் தேவிசு ஓர் ஆய்வுரை வெளியிட்டார். 640 பெண்களிடம் ஆய்ந்ததாகவும், கருவுற்றோர் 1.1 விழுக்காட்டினரே என்றும் அதில் எழுதினார். அக்கருவியின் விற்பனையில் தமக்கும் பங்குண்டு என்பதை மட்டும் எழுதவில்லை! ஏ.எச். இராபின்சு என்னும் மருந்து நிறுவனம் அதன் உரிமையை வாங்கி, 1971 சனவரியில் நாடெங்கும் விற்கத் தொடங்கிற்று.

தீங்கு அந்த நூலில் இருந்தது. பிற கருத்தடைக் கருவிகளில் ஒற்றையிழை நூல் தொங்கும். இதிலோ நூற்றுக்கணக்கான நுண்ணிழைகளை ஒன்றாக்கி ஒரு நைலான் உறைக்குள் செலுத்தியிருந்தனர். விளக்குத்திரி எண்ணெயை மேலே உறிஞ்சுவதை நாம் நாள்தோறும் காண்கிறோம். அதேபோல் அந்த இழைக்கற்றை கீழிருந்த ஈரத்தையும் அதனோடு நுண்ணுயிர்களையும் மேலே உறிஞ்சி, மாசற்றிருந்த கருப்பைக்குள் செலுத்திற்று. இதனை எவரும் அறியவில்லை என்று சொல்லமுடியாது. அக்கருவி உருவான தொழிற்சாலையிலேயே தரம் பார்க்கும் மேற்பார்வையாளர் ஒருவர் 1971இலேயே நூல் நீரை உறிஞ்சுவதைக் கண்டு மேலிடத்துக்கு எச்சரித்தார். அவர் சொல் அம்பலம் ஏறவில்லை.

கருவி உள்ளிருக்கும்போதே கருவுற்ற பெண்களுக்குக் கொடுங்காய்ச்சலும் குருதி நஞ்சேறலும் கருச்சிதைவும் நேர்ந்தன. சிலர் உயிரிழந்தனர். பிழைத்த பல்லாயிரவர் கருப்பை அழற்சியால் இனித் தாயாக முடியாதென்னும் நிலை எய்தினர். 1974 சூன் திங்களில் அமெரிக்காவில் விற்பனை நின்றது. அதற்குள் அந்நாட்டில் மட்டும் ஏறத்தாழ 22 இலக்கம் பெண்களுக்கு அது பொருத்தப்பட்டிருந்தது. அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவித் துறை வழியாக ஏழை நாடுகள் பலவற்றுக்கும் அது சென்றிருந்தது. அங்கே சென்றவற்றுள் நுண்ணுயிர் நீக்கப்படாத மொத்தப் பொதிகளும் இருந்தன! உள்ளே பொருத்தியிருப்போர் எடுத்துவிடுக என்று நிறுவனம் பொதுமக்களுக்கு அறிவித்ததோ 1984 அக்தோபரில். அவ்வாண்டுப் பிப்பிரவரியில் மினியாபொலிசு நகர நடுவர் மைல்சு இலார்டு, அந்நிறுவனத்தின் தலைமையாளர் மூவரை மன்றத்தில் நேர்நிறுத்தி, அவர்கள் காத்த அமைதியைக் கண்டித்த பின்னரே அது நிகழ்ந்தது. 1985 ஆகத்தில் நிறுவனம் கடனிறுக்க இயலாதென மன்றத்தில் தஞ்சம் புகுந்தது. இழப்பீட்டுக்கென ஏறத்தாழ 250 கோடி தாலர் ஒதுக்கப்பெற்றது. பொருளுக்குக் கணக்குண்டு, பிறவாமற் போன பிள்ளைகளுக்கு எந்த மன்றத்தில் கணக்கு?

இக்கொடுமை எழுப்பிய கூக்குரலால்தான் 1976 மே 28இல் குடியரசுத்தலைவர் செரால்டு போர்டு, மருத்துவக் கருவிகளுக்கான திருத்தச் சட்டத்தில் கையெழுத்திட்டார். கருவிகள் மூன்று வகுப்பாயின. தீங்கு மிகக் குறைந்தவை முதல் வகுப்பு, இடைப்பட்டவை இரண்டாவது, உயிர்தாங்கியாகவோ பெருந்தீங்குக்கு இடமாகவோ உள்ளவை மூன்றாவது. மூன்றாம் வகுப்புக்குச் சான்று வேண்டும், ஒப்புதல் வேண்டும் என்று பெருவாயிலில் காவல் நிறுத்தினர். நல்லது! வரவேற்கத்தக்கது! ஆனால், அன்று ஏற்கெனவே விற்பனையில் ஆயிரக்கணக்கான கருவிகள் இருந்தன. அவற்றை ஒரேநாளில் நிறுத்த இயலாது. எனவே அவை தொடரலாம் என்றனர். அவற்றை ஒத்த புதுக்கருவிகளும் வரலாம் என்றனர். இந்தப் பக்கவாயிலே ஐந்நூற்றுப் பத்து-கே.

பக்கவாயில் சிறிதாயிருக்கும் என்று கருதியே அமைத்தனர். நாளடைவில் ஊரே அதன் வழியாக நடந்தது. 1996இல் அமெரிக்கத் தலைமை முறைமன்றம் ஒரு வழக்கில் இரண்டு எண்களை எடுத்துக்காட்டிற்று: ஒப்புதலுக்கான ஆராய்ச்சிக்கு ஒரு கருவிக்கு 1,200 மணிநேரம்; இசைவுக்கான ஆராய்ச்சிக்குச் சராசரி 20 மணிநேரம். இசைவு வழி ஆராய்வது ஒப்புமையையே அன்றித் தீங்கின்மையை அன்று எனவும் அத்தீர்ப்பு தெளிவுறுத்திற்று. பாதுகாப்பை ஆராயாத ஒன்றைப் பாதுகாப்பின் முத்திரையாக மக்கள் கருதுவது எத்துணைப் பெரிய மயக்கம்!

இங்கே நம் இலக்கணத்தை நினைவுகூர வேண்டுகிறேன். ஒப்புமையைப் பற்றித் தமிழனுக்கு எவரும் புதிதாய்க் கற்பிக்க வேண்டுவதில்லை. தொல்காப்பியர் உவமையியல் என ஓர் இயலே வகுத்துள்ளார். ஒன்று மற்றொன்றை ஒக்கும் இடங்கள் நான்கு என்பது அவர் கண்ட முறை: செயல், பயன், வடிவு, நிறம். வடிவால் ஒத்தது பயனால் ஒக்கவேண்டுவதில்லை. பவளம் போன்ற வாய் என்கிறோம். அது நிறத்தால் வந்த ஒப்பு. அதனை நம்பிப் பவளத்தை வாயாக வைத்துக்கொள்ள எவனும் முயலமாட்டான்! உவமை கூறும் புலவன் எந்த இடத்தில் ஒப்புரைக்கிறான் என்பதை அறிந்தே படிப்பவன் பொருள்கொள்ள வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. உவமைக்கு மீண்டும் உவமை அடுக்குதல் ஆகாது என்பது நம் உரையாசிரியர்கள் கண்ட மரபு. முகம் திங்களைப் போன்றது. திங்கள் வெள்ளித் தட்டைப் போன்றது. தட்டு இன்னொன்றைப் போன்றது எனச் சென்றால், இறுதியில் முகம் எங்கோ மறைந்துபோகும். பாட்டுக்கே ஆகாதெனத் தமிழர் விலக்கிய அடுக்கை, பெண்ணின் உடலுக்கு ஆகுமெனச் சட்டமாக்கியது அமெரிக்கா. அதன் விளைவைக் காண்போம்.

குடலிறக்கத்துக்கு அறுவை செய்யும் மருத்துவர்கள், வயிற்றுச் சுவரின் நலிந்த இடத்தைத் தாங்க ஒரு துணிவலையை வைத்துத் தைப்பது 1950கள் முதலே உண்டு. 1976இல் சட்டம் வந்தபோது அவ்வலை முன்னரே விற்பனையில் இருந்தமையால் தொடர்ந்தது. பின்னர், மகளிர்க்கு வரும் சிறுநீர்க் கசிவுக்கு அதேபோன்ற வலைநாடாவை உள்ளே வைத்துத் தாங்கலாம் என எண்ணினர். பாசுட்டன் சயன்டிபிக் நிறுவனத்தின் ‘புரோட்டிசென்’ என்னும் நாடா 1996இல் இசைவு பெற்றது. எதனால்? முன்னைய வலையை ஒத்திருந்ததனால்! 1998 சனவரியில் எத்திக்கான் நிறுவனத்தின் நாடா ஒன்று இசைவு பெற்றது. எதனால்? புரோட்டிசெனை ஒத்திருந்ததனால்! 1999 சனவரியில் புரோட்டிசென் உள்ளே தசையை அரித்து வெளிப்படுகின்றதெனத் திரும்பப் பெறப்பட்டது. அடித்தளமாயிருந்த உவமையே பொய்த்துப்போயிற்று. ஆனால், அதனை ஒத்ததென்று சொல்லி வந்தது வீழவில்லை. அதனையும் முன்கருவியாகக் காட்டி மேலும் மேலும் புதியன வந்தன. தந்தை குற்றவாளி எனத் தள்ளப்பட்ட பின்னும், அவன் பெயரைச் சொல்லி உள்ளே நுழைந்தவர் பேரப்பிள்ளைகளுக்கும் வாயில் திறந்துவிட்டனர்.

இந்நாடாக்களுள் பலவற்றைப் பற்றிப் பின்னாளில் நல்ல ஆய்வுகள் நடந்தன. சிறுநீர்க் கசிவுக்கு அவை இன்றும் பயன்பாட்டில் உள்ளன. பலர் நன்மை பெற்றனர். அதனை மறைப்பது நயன்மையன்று. ஆனால், விற்பனைக்கு வந்த வழி வேறு. பின்னர் வந்த சான்று வேறு. சான்று பின்னால் வந்து சேரும் என்று நம்பிப் பெண்ணுடலை முன்னால் அனுப்புவது எந்த அறம்?

அடுத்த படிதான் மிகக் கொடியது. கருப்பையோ சிறுநீர்ப்பையோ இறங்கியவர்க்குப் பெண்ணுறுப்பின் வழியே பெரிய வலைத்துண்டை வைத்துத் தாங்கலாம் எனத் தொடங்கினர். இதற்கென வந்த வலைக்கு 2002இல் முதல் இசைவு கிட்டிற்று. வயிற்றுச் சுவர் வேறு. பெண்ணுறுப்பின் மெல்லிய சுவர் வேறு. அங்கே அசைவும் ஈரமும் நுண்ணுயிரும் உண்டு. இல்லற உறவு உண்டு. வலை வடிவால் ஒத்தது; நூலால் ஒத்தது. இடத்தால் ஒத்ததா? வினையால் ஒத்ததா? தொல்காப்பியம் படித்த பள்ளிப்பிள்ளை கேட்கும் இவ்வினாவை அத்துறை அன்று கேட்கவில்லை.

வலை தசையோடு பின்னி வளர்ந்தது. சிலர்க்குச் சுருங்கிற்று, சிலர்க்குச் சுவரை அறுத்து வெளிப்பட்டது. உட்காரவும் நடக்கவும் இயலாத நோவு, குருதிப்போக்கு, கணவனும் மனைவியும் நெருங்கமுடியாத துன்பம். எடுத்துவிடலாமே என்றால், களிமண்ணில் புதைந்த கம்பிவலையைப் பிய்த்தெடுப்பது போன்றதாயிற்று. ஒன்றன்பின் ஒன்றாகப் பல அறுவைகள் செய்தும் முழுதும் எடுக்க முடியாதோர் உளர். 2008 அக்தோபரில் துறை முதல் எச்சரிக்கை விடுத்தது. அத்தகைய கேடுகள் அரியன அல்ல என்று 2011 சூலையில் மீண்டும் எச்சரித்தது. 2016 சனவரியில் அவ்வலையை மூன்றாம் வகுப்புக்கு மாற்றி, ‘இனிச் சான்று கொண்டுவாருங்கள்’ என்றது. 2019 ஏப்பிரல் 16இல், எஞ்சியிருந்த நிறுவனங்கள் கொணர்ந்த சான்று போதாதெனக் கூறி, சிறுநீர்ப்பை இறக்கத்துக்கென எஞ்சி விற்கப்பட்ட அவ்வலைகளையும் நிறுத்த ஆணையிட்டது.

அன்பர்களே, இதனை எண்ணிப் பாருங்கள். 2002இல் கேட்டிருக்கவேண்டிய சான்றைப் பல்லாண்டு கழித்துக் கேட்டனர். கேட்டபோது அது இல்லை! இடையில் வலைகளின் தொடர்பாக அமெரிக்க நடுவண் மன்றங்களில் குவிந்த வழக்குகள் ஓர் இலக்கத்துக்கும் மேல். பிரித்தானியாவில் 2018 சூலையில் இத்தகைய வலை அறுவைகள் நிறுத்திவைக்கப்பட்டன. அங்கே கம்பர்லெச்சு அம்மையார் தலைமையில் ஆராய்ந்த குழு 2020 சூலையில் அறிக்கை தந்தது. தங்கள் நோவைச் சொன்ன பெண்களை மருத்துவ உலகம் செவிமடுக்கவில்லை, ‘பெண்களுக்கு வரும் இயல்பான தொல்லை’ என்று தள்ளிற்று என்பதே அதன் உட்பொருள்.

பெண்களைக் கொன்ற கருவியொன்று எழுப்பிய கூக்குரலில் பிறந்தது ஒரு சட்டம். அச்சட்டத்தின் பக்கவாயில் வழியாகவே பெண்களை வாட்டிய அடுத்த கருவியும் நுழைந்தது. இதனினும் கொடிய முரண் உண்டோ?

எதிர்வினா ஒன்று எழும், எழவேண்டும். “ஐயா, மருத்துவர் கையிலுள்ள ஒவ்வொரு கரண்டிக்கும் கிடுக்கிக்கும் ஆயிரம் பெண்களிடம் ஆய்வு நடத்து என்றால் விலை ஏறாதா? ஏழைப் பெண்ணுக்குக் கிடைக்கவேண்டிய எளிய கருவியும் கிடைக்காமற் போகாதா?” உண்மை. கருப்பைவாயைப் பார்க்க உதவும் விரிகருவியின் பிடியைச் சற்று வளைத்துச் செய்தவனிடம் பத்தாண்டு ஆய்வு கேட்பது அறிவுடைமையன்று. அதற்கு ஒப்புமையே போதும். பக்கவாயிலை முழுதும் அடைத்துவிடு என்று நான் சொல்லவில்லை. எதனை அதன் வழியே விடுவது என்பதே வினா.

கருவி எளிதா அரிதா என்று பார்ப்பது பிழையான அளவுகோல். நூல் எளிது; ஞெகிழித் துண்டு எளிது; வலை எளிது. எளிமை என்பது செய்தவனுக்கு எளிமை, தாங்குகிறவளுக்கு அன்று. சரியான அளவுகோல் இரண்டு. ஒன்று: அது உடலுக்குள் எத்துணைக் காலம் தங்கும்? மற்றொன்று: தீங்கு கண்டால் தீங்கின்றி வெளியே எடுக்க முடியுமா? என் மாணவி கொண்டுவந்த வளையத்தை எடுக்கலாம், கழுவலாம், மீண்டும் வைக்கலாம், வேண்டாவெனில் விட்டுவிடலாம். வலையையோ எடுக்க முடியாது. இரண்டும் ஒரே நோய்க்குத்தான். ஆயினும் இரண்டும் ஒன்றல்ல. உள்ளே தங்குவதற்கும் மீட்க முடியாததற்கும் ஒப்புமை போதாது; சான்று வேண்டும். அமெரிக்க மருத்துவக் கழகம் அமைத்த அறிஞர் குழுவே 2011 சூலையில், ஒப்புமை என்னும் அடித்தளம் இருக்குமட்டும் இவ்வழியைப் பாதுகாப்பு ஆய்வாக மாற்ற இயலாது, வேறு முறை காண்க என்று பரிந்துரைத்தது. ஆயினும் ஐந்நூற்றுப் பத்து-கே இன்றும் நின்று நிலவுகின்றது.

“அமெரிக்கக் கதை நமக்கெதற்கு?” என்பீராயின், அவ்வாயிலின் மறுபுறம் நம் வீட்டுத் திண்ணையில் திறக்கின்றது என்பேன். நடுவணரசின் 2017ஆம் ஆண்டு மருத்துவக் கருவி விதிகள் 2018 சனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தன. அவற்றிலும் ‘முன்கருவி’ என்னும் கருத்து உண்டு. அமெரிக்கா முதலிய சில நாடுகளில் தடையின்றி விற்கலாம் என்னும் சான்று பெற்ற கருவியை, இங்கே மாந்தரிடத்துத் தனியாய்வு நடத்தாமலே உரிமம் தந்து உள்ளே விடவும் அவ்விதிகளில் இடமுண்டு. அங்கே ஒப்பால் வந்தது இங்கே ஒப்புதலாகப் பொருள்கொள்ளப்படுமாயின், உவமைக்கு உவமை மேலும் ஒரு படி அடுக்கப்பட்டதாகும். அந்த அடுக்கின் கடைசியில் நிற்பவள், பெட்டியின்மேல் உள்ள ஆங்கிலத்தைப் படிக்க இயலாத நம் தாய், நம் தமக்கை.

அவள் கையொப்பமிடும் தாள் பல இடங்களில் ஆங்கிலத்தில் இருக்கின்றது. புரியாத மொழியில் இடும் கையொப்பம் இசைவாகுமா? அது மௌனத்தின்மேல் வைத்த கைந்நாட்டு! தமிழ் கோயிலிலும் முறைமன்றிலும் வேண்டும் என்று முழங்குகின்றோம், முழங்கத்தான் வேண்டும். மருத்துவமனைக் கட்டிலருகேயும் தமிழ் வேண்டும். அங்கே தமிழ் இல்லாமை பெருமைக் குறை மட்டுமன்று, உயிர்க்குறை.

எனவே மூன்று சொல்வேன். பெண்ணுடலுக்குள் நெடுங்காலம் தங்கும் எக்கருவிக்கும் சான்று கேளாமல் வாயில் திறக்கலாகாது. பொருத்திய கருவியின் பெயரும் எண்ணும் நாளும் குறித்த தாளொன்று அப்பெண்ணின் கையில் இருத்தல்வேண்டும்; தீங்கு வெளிப்பட்டால் அவளைத் தேடிச் சொல்ல வேறு வழியில்லை. எதற்கு ஒப்பு, எதற்கு ஒப்புதல் என்பதைத் தூய தமிழில், பிழையின்றி, அவளுக்கு விளங்கச் சொல்லியபின்னரே கையொப்பம் பெறவேண்டும். இம்மூன்றாவது பணி தமிழ் கற்ற நம்முடையது. மருத்துவர்கள் அழைக்கட்டும் எனக் காத்திராமல், அவரவர் ஊர் மருத்துவமனைக்குச் சென்று ‘தாளைத் தாருங்கள், தமிழாக்கித் தருகிறோம்’ என்று கேளுங்கள். ஆனால் என்னைப்போல் விரைந்து எழுதிவிடாதீர்கள். தெரியாத சொல்லை மருத்துவரிடம் கேட்டு எழுதுங்கள். கேட்பதில் புலவனுக்கு இழுக்கில்லை.

என் தாளைத் திருத்திவிட்டேன். ‘அமெரிக்க அரசின் ஒப்புதல் பெற்றது’ என்றிருந்த இடத்தில் இப்பொழுது இவ்வாறு உள்ளது: ‘இவ்வளையம், முன்னரே விற்பனையில் உள்ள வளையங்களை ஒத்தது என்னும் அளவில் அமெரிக்காவில் விற்பனை இசைவு பெற்றது. இதனை எடுக்கலாம், கழுவி மீண்டும் வைக்கலாம். நோவோ, குருதியோ, தீய நாற்றமோ கண்டால் நாள் கடத்தாமல் மருத்துவரிடம் வருக.’

முன்னதைவிட நீளம்தான். மாணவி படித்துப் பார்த்தாள். “இதைப் படித்தால் அவர்கள் வினா கேட்பார்கள், ஐயா” என்றாள்.

கேட்கட்டும் அம்மா! அதற்காகத்தானே தமிழில் எழுதினோம்!